வலியை அடக்கும் மருந்தும் இழப்பை ஈடுசெய்யும் மருந்தும்: நாட்பட்ட கணைய அழற்சியும் மலையக நோயாளியும்

இலங்கைப் பாடநூல்கள் சதையி என்று குறிப்பிடும் கணையம், இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் உறுப்பாகும். உணவைச் செரிக்கச் செய்யும் நொதியங்களைச் சிறுகுடலுக்கும், இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலின், குளுக்ககோன் ஆகிய ஓமோன்களை இரத்தத்துக்கும் அனுப்புவதால் அதற்கு இரு தொழில்கள் உண்டு. இந்த உறுப்பு ஆண்டுக்கணக்கில் அழற்சிக்கு உள்ளாகி, மென்மையான திசு நார்த்திசுவாக இறுகி, சுரப்புக் குழாய்களில் சுண்ணக் கற்கள் படிந்து, இரு தொழில்களையும் சிறிது சிறிதாக இழந்துவரும் நிலையே நாட்பட்ட கணைய அழற்சி எனப்படுகிறது. அழிந்த திசுவை மீட்டெடுக்கும் மருந்து இன்றுவரை கண்டறியப்படவில்லை. ஆதலால் இந்நோயோடு வாழ்பவர் மருந்துகளைத் தெரிவு செய்யும்போது, எந்தத் துன்பம் எந்த மருந்தால் எவ்வளவு தணியும், அதற்கு உடலும் குடும்பத்தின் வருமானமும் என்ன விலை கொடுக்கும் என்பதையே நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இலங்கையின் மலையகத்தில், அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியும் நாவலப்பிட்டியிலிருந்து வரும் வீதியும் சந்திக்கும் இடத்தில் கினிகத்தேனை நகரம் அமைந்துள்ளது. அதைச் சூழ்ந்த தோட்டங்களில் ஒருவருக்கு மேல்வயிற்றில் கிளம்பி முதுகுவரை பாயும் வலி ஏற்பட்டால், அவர் முதலில் போவது தோட்டத்து டிஸ்பென்சரிக்கும், அடுத்து நகரத்து அரசாங்க வைத்தியசாலைக்கும்தான். அதற்கு மேல் ஒருபுறம் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையும் மறுபுறம் நாவலப்பிட்டி வைத்தியசாலையும் இருக்கின்றன. அவற்றையும் கடந்தால் கண்டியும் பேராதனையும். வலியை அமர்த்தும் ஊசியும் மாத்திரையும் முதற்படியிலேயே கிடைத்துவிடும். கணையத்தின் உள்நிலையைக் காட்டும் சீ.டி. ஸ்கேனும் குழாய்க் கற்களை அகற்றும் எண்டோஸ்கோப்பிச் சிகிச்சையும் மேற்படிகளுக்கு உரியவை. நோயாளியின் மருந்துப் பட்டியல் பிழையான ஒழுங்கில் வளர்வதற்கு இந்த இடைவெளி ஒரு முக்கிய காரணமாகும். பயன் ஐயத்துக்குரிய மருந்துகள் முன்னும், பயன் உறுதியாக நிறுவப்பட்ட மருந்துகள் பல ஆண்டுகள் பின்னும் வந்து சேர்கின்றன. இவ்வொழுங்கு மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்நோய் பற்றிய அறிவின் பெரும்பகுதி தென்னிந்திய நோயாளிகளிடமிருந்து பெறப்பட்டது என்பது, அங்கிருந்து புலம்பெயர்ந்தவர்களின் வழித்தோன்றல்களான மலையகத் தமிழருக்கு நெருக்கமான செய்தி. ஊட்டக்குறைவுற்ற ஏழை நோயாளிகளின் கணையத்தில் சுண்ணக் கற்கள் நிறைந்திருந்ததை இந்தோனேசியாவில் கண்ட ஸூய்டெமா என்ற மருத்துவர் 1959இல் அதைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டுகளில் கேரளத்தில் பி.ஜே. கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, சிறுவயது வயிற்றுவலியாகத் தொடங்கி இளமையில் நீரிழிவாக முற்றும் அதன் போக்கை விரிவாகப் பதிவுசெய்தார். மது அருந்தாத, மெலிந்த இளவயதினரைத் தாக்கும் இவ்வகை வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர் பெற்றது. அதன் விளைவாக வரும் நீரிழிவைச் சென்னையில் வி. மோகனும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். உலக சுகாதார நிறுவனம் 1985இல் இதனை ஊட்டக்குறைவு சார்ந்த நீரிழிவின் கீழ் வைத்தது. பின்னர் 1999இல் அந்தப் பிரிவையே நீக்கி, கணைய நோய்களால் வரும் நீரிழிவுகளோடு சேர்த்தது.

மரவள்ளிக் கிழங்கிலுள்ள சயனைட்டுச் சேர்மங்களே இந்நோய்க்குக் காரணம் என்ற கருத்து 1970களில் வலுவாக நிலவியபோதிலும், கிழங்கு உணவாகாத இடங்களிலும் நோய் காணப்பட்டமையால் பின்னர் தளர்ந்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பின் மரபணுக்களின் பக்கம் கவனம் திரும்பியது. கணையத்தில் உருவாகும் டிரிப்சின் என்ற நொதியம், குடலை அடையுமுன்னரே விழித்துக்கொண்டு கணையத்தையே அரிக்காதபடி தடுக்கும் புரதம் ஒன்று உண்டு. அதை உருவாக்கும் ஸ்பிங்க்-1 மரபணுவில் ஏற்படும் மாற்றம் இந்திய நோயாளிகளிடம் மிகுதியாக இருப்பதை ஹைதராபாத் ஆய்வாளர்கள் 2002இல் காட்டினர். அந்த மாற்றம் நோயற்ற மக்களில் நூற்றுக்கு ஓரிருவரிடமும் காணப்படுவதால், அது தனித்து நின்று நோயை உண்டாக்குவதில்லை. வி. பாலகிருஷ்ணன் குழுவினர் இந்தியா முழுவதிலுமிருந்து 1,086 நோயாளிகளைச் சேர்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்குக் காரணம் அறியப்படவில்லை. ஏறத்தாழ 39 சதவீதத்தினருக்கு மது காரணமாக இருந்தது. கீவர்கீஸ் வர்ணித்த பழைய உருவம் 4 சதவீதத்துக்கும் குறைவானோரிடமே எஞ்சியிருந்தது.

இந்த எண்கள் மருந்துத் தேர்வுக்கு வெளியே நிற்பவை அல்ல. ஐரோப்பாவின் ஆய்வுகளில் இடம்பெறும் நோயாளி பெரும்பாலும் நீண்டகாலம் மது அருந்திய நடுவயது ஆண். தெற்காசியாவின் நோயாளி பெரும்பாலும் அவரைவிட இளையவர், மெலிந்தவர், பல சமயம் மதுவைத் தொடாதவர். ஒருவருக்குப் பயன்பட்ட மருந்து மற்றவருக்கும் அதே அளவில் பயன்படும் என்று கொள்ள முடியாது. கணைய அழற்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் குடிகாரர் என்ற முத்திரையும் வந்து ஒட்டிக்கொள்ளும் சூழலில், வாழ்நாளில் ஒரு துளியும் குடிக்காத கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அந்த முத்திரை அநீதியானது. அதற்கு அஞ்சி அவர் கிளினிக்கைத் தவிர்த்தால் சிகிச்சையே தடைப்படுகிறது.

மது காரணமாக இருக்குமிடத்தில், அதைக் கைவிடுவதற்கு நிகராக எந்த மருந்தையும் முன்வைக்க முடியாது. கசிப்பானாலும் சாராயமானாலும் தொடர்ந்து அருந்துவோருக்கு அழற்சி திரும்பத் திரும்பக் கிளம்புகிறது. புகைத்தல், மதுவைச் சாராமல் தானாகவே, கணையத்தில் சுண்ணம் படிவதை விரைவுபடுத்துகிறது. எனினும் நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் ஒரே நாளில் தாமாக நிறுத்தும்போது நடுக்கமும் வலிப்பும் உயிராபத்தும் நேரக்கூடும் என்பதால், நிறுத்தும் முடிவை வைத்தியரிடம் சொல்லி, தயமின் என்ற விற்றமினும் தற்காலிக மருந்தும் பெற்றுக்கொண்டே நிறுத்த வேண்டும். குடியை விடச் சொல்லும் அறிவுரை ஏராளமாகக் கிடைக்கும் மலையகத்தில், பாதுகாப்பாக விடும் வழி அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை.

இழப்பை ஈடுசெய்யும் மருந்துகளில் முதன்மையானது கணைய நொதிய மாத்திரை. அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தில் டிமாக்னோவும் குழுவினரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு, கொழுப்பைச் செரிக்கும் லிப்பேஸ் நொதியத்தின் சுரப்பு இயல்பளவில் பத்திலொரு பங்குக்குக் கீழே இறங்கிய பின்னரே மலத்தில் கொழுப்பு வெளிப்படையாகக் கழிகிறது என்பதைக் காட்டியது. நீரில் மிதக்கும், எண்ணெய்ப் பிசுக்குடைய, கடும் நாற்றமுள்ள மலத்தை ஒருவர் காணும்போது கணையத்தின் செரிமானத் திறனில் மிகப் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டது என்பதே இதன் பொருள். அதற்கு முன்னரே எடை இறங்கத் தொடங்கியிருக்கும். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற நொதியத்தின் அளவைக் காணும் பரிசோதனை இக்குறைபாட்டை உறுதிசெய்ய உதவும். ஒரு கிராம் மலத்தில் அது 200 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் ஐயமும், 100க்குக் குறைந்தால் கடுமையான குறைபாடும் கருதப்படுகின்றன.

நொதிய மாத்திரை பயனளிக்கவில்லை என்று கைவிடப்படும் பல சந்தர்ப்பங்களில், அது உரிய அளவிலும் உரிய வேளையிலும் கொடுக்கப்பட்டிருக்காது. வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு முக்கிய உணவுவேளைக்கு 40,000 முதல் 50,000 அலகு லிப்பேஸும், சிற்றுண்டிக்கு அதில் பாதியும் தொடக்க அளவாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. 10,000 அலகுள்ள ஒரு குளிசையை நாளுக்கு ஒருமுறை விழுங்கிவிட்டு மாற்றத்தை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. லிப்பேஸ் இரைப்பையின் அமிலத்தில் அழிந்துவிடும் என்பதால், அமிலம் கரைக்காத பூச்சிட்ட நுண்மணிகளாக அது செய்யப்படுகிறது. அம்மணிகள் உணவோடு கலந்து சிறுகுடலுக்குள் இறங்கினால்தான் வேலை செய்யும். உணவுக்கு அரைமணி முன்னரோ உண்டு முடித்த பின்னரோ எடுப்பதைவிட, முதற்கவளத்தோடு ஒன்றும் உணவின் நடுவில் மற்றொன்றும் எடுப்பது நன்று. மணிகளை மெல்லவோ சுடு தேநீரில் கரைக்கவோ கூடாது. உரிய அளவில் எடுத்தும் பயன் குறைவாயின், இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரையைச் சேர்த்துப் பார்ப்பது அடுத்த படி.

இந்நொதியம் பன்றியின் கணையத்திலிருந்து பெறப்படுகிறது. தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழும் கினிகத்தேனை போன்ற ஊரில் இச்செய்தியை மறைத்து மருந்து கொடுப்பது முறையன்று. மாற்று வழியில்லாத மருத்துவத் தேவையின்போது இத்தகைய மருந்தை இஸ்லாமிய அறிஞர் பலர் அனுமதிக்கின்றனர் என்பதையும் சேர்த்துச் சொல்லி, முடிவை நோயாளியிடமே விடுவது நேர்மையான வழி. சொல்லாமல் கொடுக்கப்பட்ட மருந்தின் மூலத்தைப் பின்னொருநாள் அயலவர் வாயிலாக அறிபவர், அந்த மருந்தோடு வைத்தியர்மீதுள்ள நம்பிக்கையையும் கைவிடுவார்.

உணவைப் பற்றிய பழைய அறிவுரை ஒன்றும் இங்கே திருத்தப்பட வேண்டும். கணைய நோயாளி எண்ணெயையும் தேங்காயையும் அறவே விலக்க வேண்டும் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. கொழுப்பை விலக்கியதால் மலம் சீரானது போலத் தோன்றினாலும், ஏற்கெனவே மெலிந்தவர் மேலும் மெலிந்தார்; கொழுப்பில் கரையும் விற்றமின்களும் உடலில் குறைந்தன. ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சோறும் பருப்புமாக வாழும் தோட்டத் தொழிலாளியின் உணவில் குறைக்கும் அளவுக்குக் கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. இன்றைய வழிகாட்டல்கள் இயல்பான உணவைச் சிறு சிறு வேளைகளாக உண்ணவும், அதற்கேற்ப நொதியத்தின் அளவை உயர்த்தவும் சொல்கின்றன. மருந்து வேலை செய்கிறதா என்பதை மாதமொருமுறை எடை பார்த்தே பெருமளவு அறிந்துகொள்ளலாம்.

கொழுப்புச் செரிமானம் குன்றும்போது ஏ, டி, ஈ, கே விற்றமின்கள் உடலில் சேராமல் கழிகின்றன. நாட்பட்ட கணைய அழற்சியுள்ளவர்களில் ஏறத்தாழ மூவரில் இருவருக்கு எலும்பின் அடர்த்தி குறைந்திருப்பதாக 2014இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று கண்டது. மழையில் வழுக்கும் மலைச்சரிவில் கொழுந்துச் சுமையோடு இறங்குபவருக்கு இடுப்பெலும்பு முறிவு என்பது வாழ்வாதாரத்தின் முறிவுமாகும். விற்றமின் டியும் கல்சியமும் விலை குறைந்தவை என்பதால், இவற்றை நிறுத்துப் பார்ப்பதில் தயக்கத்துக்கு அதிகம் இடமில்லை.

நீரிழிவு மருந்தில் தயக்கம் தேவை. கணைய நோயால் வரும் நீரிழிவு, பரவலாகக் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவிலிருந்து ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது: சீனியைக் குறைக்கும் இன்சுலினோடு, சீனி அளவுமீறி இறங்கும்போது அதை ஏற்றிவிடும் குளுக்ககோனும் இங்கே குறைந்துபோகிறது. ஆகையால் மருந்து சற்று மிகுந்தாலும், உணவு சற்றுத் தாமதித்தாலும், சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கித் தானாக மீளாமல் போகலாம். கிளிபென்கிளமைட் போன்று கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரைகளை, வேலை ஒதுக்கும் காலைப் பெரட்டுக்குப் போய் மலையேறிப் பகலுணவு எப்போது கிடைக்கும் என்ற உறுதியில்லாமல் உழைப்பவருக்குக் கொடுக்கும்போது இந்த அபாயம் இரட்டிக்கிறது. மெட்போமின் மலிவானது, சீனியை அளவுமீறி இறக்காதது. ஆயினும் பசியைக் குறைத்து, வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக்கூடியதாகையால், ஏற்கெனவே எலும்பும் தோலுமாய் இருப்பவருக்கு அது பொருந்தாமல் போகலாம். அண்மைக்காலத்தில் புகழ்பெற்றுள்ள, எடையைக் குறைக்கும் ஜி.எல்.பி-1 வகை ஊசிகள் கணைய அழற்சி வரலாறு உள்ளவர்களுக்குப் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன.

எடை இறங்கிவரும் நோயாளிக்கு இன்சுலினே பெரும்பாலும் ஏற்ற மருந்து. அது சீனியைக் கட்டுப்படுத்துவதோடு உடல் தேறவும் உதவுகிறது. இன்சுலின் ஊசி தொடங்கினால் வாழ்க்கை முடிந்தது என்ற அச்சம் தோட்டங்களில் ஆழமாக வேரூன்றியிருப்பதால், மறுக்கப்படும் மருந்துகளில் அதுவும் ஒன்று. இல்லாமற்போன ஒரு சுரப்பை வெளியிலிருந்து கொடுப்பது தோல்வியின் அடையாளமாகாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத லயக்காம்பரா என்ற தோட்டக் குடியிருப்பு அறையிலும், திறந்த குப்பியை வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரங்கள் வைத்துப் பயன்படுத்தலாம். மலையகத்தின் தணிந்த வெப்பநிலை இதற்கு அனுகூலமானது. திறக்காத குப்பிகளுக்கே குளிர்சாதனம் இன்றியமையாதது. சட்டைப்பையில் சீனிப் பொட்டலமோ குளுக்கோசோ இல்லாமல் மலைக்குப் போகக் கூடாது என்பதையும் ஊசியோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

வலியே இந்நோயின் மிகக் கடினமான பகுதி. குழாயில் கல் அடைத்து அழுத்தம் ஏறுவதால் வரும் வலி ஒன்று; அழற்சியால் கணையத்தைச் சுற்றியுள்ள நரம்புகள் தடித்து மாறுவதால் வரும் வலி மற்றொன்று; ஆண்டுக்கணக்கில் வலிச் செய்திகளைப் பெற்ற முள்ளந்தண்டும் மூளையும் கூருணர்வு பெற்று, கணையத்தில் புதிதாக ஒன்றும் நேராதபோதும் வலியை உணர்வது மூன்றாவது. ஸ்கேனில் தெரியும் சேதத்தின் அளவுக்கும் நோயாளி சொல்லும் வலியின் அளவுக்கும் பொருத்தம் இல்லாமலிருப்பது இதனாலேயே. படத்தில் பெரிதாக ஒன்றுமில்லை என்று கூறி நோயாளியின் வலியை ஐயுறுவது மருத்துவ அறிவுக்கு முரணானது.

பரசிட்டமோல், மலையகத்தில் எல்லோரும் பனடோல் என்றழைக்கும் மருந்து, முதற்படியாகக் கொடுக்கப்படுகிறது. நாளுக்கு 4 கிராம் என்ற உச்ச வரம்பு, மெலிந்தவருக்கும் மது அருந்துபவருக்கும் பாதியாகக் குறைக்கப்பட வேண்டியது. டைக்குளோபினக் போன்ற அழற்சி எதிர் மருந்துகள் வலி கடுமையான நாட்களில் உதவினாலும், தொடர்ந்து எடுத்தால் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகத்துக்குக் கேட்டையும் விளைவிக்கின்றன. அவற்றை ஊசியாகப் போடுவதால் இந்தத் தீங்குகள் நீங்குவதில்லை. வலி வந்தால் ஊசி, ஊசி போட்டால் வேலைக்குத் திரும்புதல் என்ற வட்டம் ஆண்டுக்கணக்கில் சுழலும்போது, உள்ளே கணையம் அழிந்துவருவதை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

அடுத்த படியில் ட்ரமடோலும் மோர்பினும் உள்ளிட்ட ஓப்பியாய்டு மருந்துகள், அதாவது அபின் வழிவந்தவையும் அவற்றை ஒத்தவையும், நிற்கின்றன. கடும்வலியில் துடிப்பவருக்கு இவற்றை மறுப்பது கொடுமை. இலக்கில்லாமல் நீட்டிப்பதும் தீங்கே. மலச்சிக்கலும் குமட்டலும் தொடக்கத்திலேயே தெரியும். சற்றுக் காலம் கழித்து, மருந்தே குடலின் அசைவைக் குலைத்து வயிற்றுவலியை உண்டாக்கும் நிலையும், நரம்புகள் வலிக்கு மேலும் கூர்மை பெறும் நிலையும் தோன்றலாம். அப்போது வலி கூடிவிட்டது என்று அளவு உயர்த்தப்படுகிறது, உயர்த்தியதால் வலி மேலும் கூடுகிறது. மதுவோடு சேரும்போது மூச்சையே அடக்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே ஓப்பியாய்டு தொடங்கப்படும் நாளிலேயே எத்தனை வாரங்களுக்கு, எந்த முன்னேற்றத்தை எதிர்பார்த்து, எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பது நோயாளியின் கிளினிக் கொப்பியில் எழுதப்பட வேண்டும்.

நரம்பு வழி வலிக்கு வழங்கப்படும் பிரிகாபலின், இந்நோய்க்கென்றே ஆராயப்பட்ட சில மருந்துகளில் ஒன்று. 64 நோயாளிகளைக் கொண்டு ஐரோப்பாவில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், மூன்று வாரங்களுக்குப் பின் வலி பிரிகாபலின் பெற்றவர்களுக்கு 36 சதவீதமும், வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு 24 சதவீதமும் குறைந்தது. இந்த எண்களை நிதானமாக வாசிக்க வேண்டும்: மருந்தின் தனிப்பங்கு 12 சதவீதப் புள்ளிகள், ஆராயப்பட்ட காலம் மூன்று வாரங்கள். ஆண்டுக்கணக்கில் எடுப்பதற்கு இவ்வாய்வு சான்றாகாது. தலைச்சுற்றும் தூக்கக் கலக்கமும் அதன் பொதுவான பக்கவிளைவுகள். சரிவான மலையில் கவ்வாத்துக் கத்தியோடு நிற்பவருக்கு அவை அற்பமானவை அல்ல. ஓப்பியாய்டோடு சேர்த்து எடுத்தால் மூச்சு தளரும் ஆபத்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019இல் எச்சரித்தது. இலங்கையில் இதே மாத்திரை போதைக்காகக் கைமாறி, பொலிஸாரால் கைப்பற்றப்படும் செய்திகளும் பலமுறை வந்துள்ளன. அதனால் உண்மையான நோயாளியும் பாமசியில் ஐயக்கண்ணோடு பார்க்கப்படுகிறார். வீட்டில் பாதுகாப்பாகப் பூட்டி வைக்க வேண்டிய பொறுப்பும் அவருக்குக் கூடுகிறது. இரவில் சிறு அளவில் எடுக்கும் அமிட்ரிப்டிலின் மலிவானது, தூக்கத்துக்கும் உதவுவது. ஆனால் அதற்கு ஆதாரம் பிற நரம்பு வலிகளிலிருந்து கடன்வாங்கப்பட்டதே.

ஆக்சியேற்றத் தடுப்பிகள் பற்றிய கதை, ஆய்வை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கு நல்ல பாடம். செல்லுக்குள் உருவாகும் தீங்கான ஆக்சிசன் மூலக்கூறுகளைச் செயலிழக்கச் செய்யும் இப்பொருள்களை, செலினியம், விற்றமின் சி, விற்றமின் ஈ, பீட்டா கரோட்டின், மெத்தியோனின் ஆகியவற்றின் கலவையாகப் புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தில் பி.கே. கார்க் குழுவினர் 127 நோயாளிகளிடம் ஆறு மாதம் ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டனர். மாதத்தில் வலியுள்ள நாட்கள், கலவை பெற்றவர்களுக்கு 7.4ஆலும் மற்றவர்களுக்கு 3.2ஆலும் குறைந்தன, முற்றாக வலி நீங்கியோர் முறையே 32, 13 சதவீதத்தினர். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நடந்து 2012இல் வெளிவந்த ஆய்வோ, இரத்தத்தில் இப்பொருள்களின் அளவு உயர்ந்தும் வலியில் வேறுபாடே இல்லை என்று கண்டது.

இரண்டில் ஒன்று பொய் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. தில்லியின் நோயாளிகள் சராசரியாக முப்பது வயதை ஒட்டியவர்கள், பெரும்பாலும் மது காரணமாகாதவர்கள். மான்செஸ்டரின் நோயாளிகள் ஐம்பதை ஒட்டியவர்கள், பெரும்பாலும் மதுவால் நோயுற்றவர்கள், நீண்டகாலம் ஓப்பியாய்டு எடுத்தவர்கள். கினிகத்தேனையின் மெலிந்த, மது அருந்தாத இளம் நோயாளி தில்லிக்கே நெருக்கமானவர். அவருக்கு ஆறு மாத முயற்சியாக இக்கலவையைக் கொடுத்துப் பார்ப்பது நியாயமானது. ஹைதராபாத்தின் ஆசிய இரைப்பைக் குடலியல் நிறுவனம், குழாயிலிருந்து கற்கள் அகற்றப்பட்ட பின்னும் வலி திரும்பியவர்களுக்கு இக்கலவையைப் பிரிகாபலினோடு சேர்த்துக் கொடுத்து நன்மை கண்டதாக 2016இல் வெளியிட்டது. எனினும் பாமசியில் கிடைக்கும் சாதாரணப் பல்விற்றமின் மாத்திரை தில்லியின் கலவைக்குச் சமமாகாது. அங்கே கொடுக்கப்பட்ட 600 மைக்ரோகிராம் செலினியம் நீண்டகாலம் எடுத்தால் நஞ்சாகக்கூடிய அளவு. பீட்டா கரோட்டின் புகைப்போரின் நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது என்பதைப் பின்லாந்தின் பெரும் ஆய்வு 1994இல் காட்டியிருப்பதால், புகைப்பதை விடாதவருக்கு அது உகந்ததன்று.

நொதிய மாத்திரை வலியையும் குறைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தும், தொகுத்துப் பார்த்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை; செரிமானக் குறையில்லாதவருக்கு வலிக்காக மட்டும் அதை எழுதுவது பணவிரயம். மஞ்சளிலுள்ள குர்க்குமினை மிளகின் பைப்பெரினோடு சேர்த்து மணிப்பாலில் இருபது நோயாளிகளிடம் சோதித்து 2005இல் வெளியிட்ட சிற்றாய்வு, ஆக்சியேற்றச் சேதத்தின் ஓர் அடையாளம் குறைந்ததையும், வலி குறையாததையும் பதிவுசெய்தது. நாட்டுமருந்தை நாடுவோரைப் பழிப்பதில் பயனில்லை. உள்ளடக்கம் எழுதப்படாத பொடிகளில் கன உலோகமோ ஸ்டீராய்டோ கலந்திருக்கக்கூடும் என்பதையும், அதை எடுத்தாலும் இன்சுலினை நிறுத்தக் கூடாது என்பதையும் பொறுமையாகச் சொல்வதே வேண்டியது. ஸ்டீராய்டு மாத்திரை, உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தைத் தாக்கும் அரிய வகைக்கு மட்டும் உரியது.

குழாய் விரிந்து கற்கள் அடைத்திருக்கும் நோயாளிக்கு மாத்திரைகளை அடுக்கிக்கொண்டே போவது தவறான தெரிவாகலாம். நெதர்லாந்தில் 88 நோயாளிகளை 18 மாதங்கள் தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வில், காலம் தாழ்த்தாமல் சத்திரசிகிச்சை பெற்றவர்களின் வலி மதிப்பெண் நூற்றுக்கு 37ஆகவும், முதலில் மருந்தும் பின்னர் எண்டோஸ்கோப்பியும் என்ற படிமுறையில் சென்றவர்களுக்கு 49ஆகவும் இருந்தது. ஓப்பியாய்டு தேவைப்படத் தொடங்கிய உடனேயே ஒருமுறை சத்திரசிகிச்சை நிபுணரின் கருத்தைப் பெற வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் நடைமுறை முடிவு. மலையக நோயாளியைக் கண்டிக்கோ பேராதனைக்கோ அனுப்பும் கடிதம் ஐந்தாண்டு ஊசிக்குப் பின்னர் எழுதப்படுவதைவிட, முதலாண்டிலேயே எழுதப்படுவது நன்று.

இவ்வளவையும் நிறுத்துப் பார்க்கும் தராசில் பணமும் நாளும் ஏற வேண்டும். மூன்று வேளை உணவுக்கும் இரண்டு சிற்றுண்டிக்கும் முறைப்படி நொதியம் எடுத்தால் 25,000 அலகுக் குளிசை நாளொன்றுக்கு எட்டு தேவைப்படலாம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1,000 ரூபாயானது 2021இல்தான். கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் விழுவதில்லை, அதாவது அன்றைய சம்பளம் கிடைப்பதில்லை. பஸ் செலவும் கையிலிருந்தே போகிறது. அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசம் என்றாலும், இருப்பில் இல்லாததை வெளியே வாங்கத் துண்டு எழுதிக் கொடுக்கப்படும்போது அந்த இலவசம் முடிந்துவிடுகிறது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துப் பற்றாக்குறையால் பேராதனைப் போதனா வைத்தியசாலையே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை ஒத்திவைக்க நேர்ந்ததை நாடு கண்டது.

மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானபோது, வணிகப் பெயரைப் பார்க்காமல் உட்பொருளைப் பார்த்து, பயனும் விலையும் ஆராய்ந்து, தேவையானதை எல்லோருக்கும் எட்டச் செய்வதே அதன் நோக்கமாக இருந்தது. அந்த அளவுகோலைக் கணைய நோய்க்குப் பொருத்தினால் முடிவு தெளிவாகிறது. நொதியம், இன்சுலின், விற்றமின் டி, கல்சியம் ஆகியவை தடையின்றி மலையக வைத்தியசாலைகளை எட்ட வேண்டியவை. இவற்றில் ஒன்று ஒரு மாதம் கிடைக்காவிட்டாலும் நோயாளி மெலிகிறார். வலி மருந்துகளோ ஒவ்வொன்றும் காலவரையறையுள்ள முயற்சியாகத் தொடங்கப்பட்டு, நான்கு முதல் எட்டு வாரங்களில் தூக்கம், வேலைக்குச் சென்ற நாட்கள், வலியுள்ள நாட்கள் ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடப்பட்டு, பயனில்லையேல் முறையாகக் குறைத்து நிறுத்தப்பட வேண்டியவை. ஒன்று பயன்படவில்லை என்பதற்காக அதன்மேல் இன்னொன்றைச் சேர்ப்பது சிகிச்சை ஆகாது.

நோயாளியும் வீட்டாரும் செய்யக்கூடியவை உண்டு. கிளினிக்குக்குப் போகும்போது டிஸ்பென்சரியில் தந்தது, பாமசியில் வாங்கியது, நாட்டுமருந்து என எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துச் செல்லலாம். மாத எடையையும் வலியுள்ள நாட்களையும் கொப்பியில் குறித்துவைத்துக் காட்டலாம். நொதியம் தேவையா, இரத்தச் சீனி எவ்வளவு, இந்த வலி மாத்திரை எதுவரை என்ற மூன்றையும் தயங்காமல் கேட்கலாம். முதுகுக்குப் பாயும் வயிற்றுவலிக்காக ஓராண்டாக ஊசி மட்டும் போட்டுக்கொண்டு, எடை இறங்கிவரும் ஒருவருக்கு இதுவரை இரத்தச் சீனியும் கணையமும் பரிசோதிக்கப்படவில்லையானால், அவருக்கான சிகிச்சை இன்னும் தொடங்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.